வாயை மட்டும் அசைங்க

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எங்கள் பாட்டு முடிந்து, போதகர் பிரசங்கத்துக்கு எழுந்துவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பைபிளைப் புரட்டி, பேச வாயெடுத்த நேரம். கொயரை நடத்திய அக்கா ஆர்கன் பக்கத்திலிருந்து கையைத் தூக்கினார்.

"ஐயா, ஒரு நிமிஷமுங்க. இப்பப் பாடுன பாட்டுல தப்பாயிருச்சு. ஆரம்ப சுதியை நான் ஒசத்திக் குடுத்துட்டேன். மேல போறப்ப எல்லாரும் கத்தற மாதிரி ஆயிப்போச்சு. தப்பு என்னுதுங்க. நீங்க சரின்னா இன்னொருக்கா பாடிர்றோம்."

சபையில் யாருக்கும் எந்தத் தப்பும் தெரிந்திருக்கவில்லை. பெண்கள் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கிளம்பி அடங்கியது. போதகர் அக்காவைப் பார்த்தார், கமிட்டி செயலாளரைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றி மடக்கினார். நாங்கள் இருபத்திரண்டு பேரும் மறுபடி எழுந்து அதே பாட்டைப் பாடினோம். இரண்டாம் தடவை நன்றாக இருந்ததா என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை. இந்த அம்மா அடுத்து என்ன சொல்லப்போகிறாரோ என்பதே எனக்கு அன்றைக்குக் கவலை. அவரோடு பாடிய நான்கு வருஷமும் எனக்கு அதேதான் கவலை.

குன்னூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவர் ஆபரேட்டர். அதனால் எங்களுக்கு எக்ஸ்சேஞ்ச் அக்கா. நான் ஒரு தேயிலைக் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட். அப்பாவுக்கு அருவங்காடு ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. எங்கள் சிறிய கோயில் குவார்ட்டர்ஸுக்கு மேலே ரோட்டோரம் இருந்தது. சிலோனிலிருந்து கப்பல் கப்பலாகத் தோட்டத் தமிழர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. மண்டபம் முகாமில் இறங்கி, பெட்டியும் பாயுமாக மலையேறி வந்து, எஸ்டேட்டுகளில் குடியேறிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். பாட்டு நடத்தும்போது அவருடைய வலது கை நடுங்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே பாடினால் குரலும் சேர்ந்து நடுங்கிப்போகும். "இடது கையைப் பாருங்க, அது கொஞ்சம் திடமா இருக்கும்" என்று அவரே சொல்லிக்கொடுப்பார்.

நானும் பயந்தவள்தான். என்னைப் போன்றவர்கள் ஒரு தப்பு நடந்தால் முதலில் அதை எங்கே ஒளிப்பது என்று பார்ப்போம். அக்காவுக்கு ஒளிப்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். எக்ஸ்சேஞ்சில் ஒரு லைனை மாற்றிக் கொடுத்துவிட்டால், இரண்டு பக்கமும் திருப்பிக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பார். எங்கள் ஆபீஸ் மானேஜர் ஒருமுறை ரிசீவரை வைத்துவிட்டு, "என்னம்மா இது, ராங் நம்பருக்கெல்லாம் வருத்தம் தெரிவிக்கறாங்க" என்று என்னிடம் ஆச்சரியப்பட்டார்.

கொயர் நடத்துகிறவர்களுக்கு வருஷா வருஷம் மே மாதம் கோயமுத்தூரில் பத்து நாள் பயிற்சி உண்டு. மற்ற சபைக்காரர்கள் ஆயுளில் ஒருமுறை போய்விட்டு வந்து சர்ட்டிபிகேட்டைச் சட்டம் போட்டு மாட்டிவிடுவார்கள். அக்கா ஒவ்வொரு வருஷமும் லீவு போட்டுவிட்டுப் போவார். அந்த வெயிலில் வதங்கி, கன்னம் கறுத்து, ஒரு நீள நோட்டு நிறைய எழுதிக்கொண்டு திரும்புவார். ஜூன் முதல் வாரக் கொயர்ப் பயிற்சி என்றாலே எங்களுக்குப் பயம்தான். இத்தனை நாள் நாங்கள் என்ன தப்பாகச் செய்தோம் என்று அன்றைக்குத்தான் தெரியவரும்.

ஒரு ஜூனில், நன்றாகப் பாடுகிறவர்கள் முன் வரிசை, மற்றவர்கள் பின் வரிசை என்ற ஏற்பாட்டைக் கலைத்துவிட்டு எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்தார். இன்னொரு ஜூனில், பாட்டை முதலில் வாய்விட்டு வரிவரியாகப் படித்துக்காட்டத் தொடங்கினார். அடிக்குரலில் பாஸ் பாடிய ஒருவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது, பத்து வருஷமாகப் புத்தகத்தைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் அவரே சொன்னார். மற்றொரு ஜூனில், எஸ்டேட்டில் பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு வசதியாகப் பயிற்சி நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தார்.

செயலாளருக்கு இது எதுவும் பிடிக்காது. அவர் ஃபேக்டரியில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "என்னம்மா, வருஷா வருஷம் புதுசு புதுசா? அப்ப போன வருஷம் சொல்லிக் குடுத்ததெல்லாம் தப்பா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, தப்புங்க" என்றார் அக்கா.

நேரத்தை மாற்றிய அந்த வருஷம்தான் ரூபவதி வந்து சேர்ந்தார். வயது முப்பது இருக்கும். புருஷன், மாமியார், இரண்டு பிள்ளைகள். எங்களுக்குக் கீழே இருந்த எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற வேலை. அவர் பெயரை நாங்கள் யாரும் சொன்னதில்லை, 'சிலோன்காரம்மா' என்றுதான் சொல்வோம். முதல் நாள் அக்கா அவரைப் பெண்களின் தாழ்ந்த குரல் வரிசையான ஆல்டோவில் என் பக்கத்தில் நிற்கவைத்தார்.

கனமான, அடியிலிருந்து வருகிற குரல். மலைச்சரிவில் ஒரு தேயிலை நிரையிலிருந்து இன்னொரு நிரைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல். எங்களுக்குத் தெரிந்த அதே ஞானப்பாட்டுகள் அவருக்கும் தெரியும், ஆனால் அங்கே பாடிய மெட்டு கொஞ்சம் வேறு. பாதி வரி எங்களோடு வருவார், மீதிப் பாதி தன் வழியில் இறங்கிப் போய்விடுவார். எனக்கோ சுதி நிற்பதே பெரும்பாடு. வலப்பக்கம் இருப்பவர் பாடுவதைப் பிடித்துக்கொண்டு சமாளிக்கிறவள் நான். அந்தக் குரல் பக்கத்தில் வந்ததும் நானும் அதன் பின்னாலேயே போய்விடுவேன்.

கிறிஸ்துமஸ் கேரலுக்கு இரண்டு வாரம் இருந்தது. அந்த வருஷம் முதல்முறையாக எனக்கு நான்கு வரி தனியாகப் பாடக் கொடுத்திருந்தார்கள். அம்மா எனக்குப் புதுச் சேலை எடுத்திருந்தாள். நான் அக்காவைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன்.

"அக்கா, அந்தச் சிலோன்காரம்மா பக்கத்துல நின்னா எனக்குச் சுதியே நிக்க மாட்டேங்குதுங்க. ஒண்ணு அவங்க பாடறதை நிறுத்தட்டும், இல்லாட்டி நான் நிறுத்திக்கறேன்."

அடுத்த பயிற்சியின்போது அக்கா ரூபவதியைப் புத்தக அலமாரிப் பக்கம் அழைத்துப் போனார். மெதுவாகத்தான் பேசினார், ஆனாலும் எனக்குக் கேட்டது.

"இந்த ஒரு தடவைக்கு மட்டும், வாயை மட்டும் அசைங்க. சத்தம் வேண்டாம். தப்பா நினைச்சுக்காதீங்க."

"சரிங்கம்மா" என்றார் ரூபவதி.

கேரல் நன்றாக நடந்தது. என் நான்கு வரியும் பிசகவில்லை. பிப்ரவரியில் ரூபவதி வருவது நின்றுபோனது. கூடலூர் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். எங்களில் யாரும் அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

அந்த வருஷம் மே பயிற்சிக்குப் போன அக்கா முகமே மாறித் திரும்பி வந்தார். அந்த ஜூன் பயிற்சியில் அவர் நோட்டைத் திறக்கவில்லை. எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டு, நின்றுகொண்டே பேசினார்.

அந்த வருஷம் பயிற்சி கொடுக்க வந்தவர் கண் தெரியாத ஒரு வயதான அம்மாவாம். வந்திருந்த நாற்பது பேரையும் சேர்ந்து பாடச் சொல்லிவிட்டு, பாதியில் நிறுத்தி, "இதுல ரெண்டு பேர் பாடாம நிக்கறீங்க, ஏன்?" என்று கேட்டாராம். ஒருவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. இன்னொரு பெண் அழுதுவிட்டாள். சின்ன வயதில் யாரோ உனக்குப் பாட வராது என்று சொன்னார்களாம். இன்றைக்கு ஒரு கொயரையே நடத்துகிறாள், ஆனால் இதுவரை அவர்கள் முன்னால் வாய் திறந்து பாடியதில்லையாம். பிறகு அந்த அம்மா எல்லாரிடமும் தாள் கொடுத்து, தாங்கள் யார் யாரை வேண்டாம் என்று அனுப்பினார்கள், யார் யாரை வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்கள் என்று பெயரை எழுதச் சொன்னாராம்.

"மத்தவங்க ஒரு பேர், ரெண்டு பேர்னு எழுதினாங்க. நான் ஆறு பேர் எழுதினேன்" என்று சொல்லி அக்கா அந்தத் தாளைப் பிரித்து வாசித்தார். ஆறாவது பெயர் ரூபவதி.

அவரை ஏன் நிறுத்தினார் என்று அக்கா இப்போது சொல்லப்போகிறார், என் பெயர் வரப்போகிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. "இந்த ஆறு பேரையும் நிறுத்தினது நான். நேர்ல போய்ச் சொல்லிட்டு, திரும்பக் கூப்பிடப் போறேன்" என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டார்.

போகவும் செய்தார். வெலிங்டனில் தையல் கடை வைத்திருந்த ஒருவரிடம் முதலில் போனார். "ஏனுங்க, இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்க? எனக்கே மறந்துபோச்சுங்களே" என்று அவர் சிரித்தாராம். அடுத்த வாரம் கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றார். ஒரு அம்மா கதவையே திறக்கவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் நின்று, உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாமல், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வந்தார். வெளியூர் போயிருந்த ஒருவருக்குக் கடிதம் எழுதினார். கதவைத் திறக்காத அந்த அம்மாவையும் சேர்த்து மொத்தம் நான்கு பேர் திரும்ப வந்தார்கள். எங்கள் பாட்டு கொஞ்சம் கரடுமுரடாயிற்று.

ரூபவதி மட்டும் பாக்கி.

"கண்ணு, கூடலூருக்கு எனக்குத் துணைக்கு வர்றியா? அந்த வளைவெல்லாம் தனியாப் போக எனக்குப் பயமா இருக்கு" என்று அக்கா கேட்டபோது எனக்குத் தப்பிக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஜூலை மாதம். காலை ஆறு மணி பஸ்ஸில் ஊட்டி போய், அங்கிருந்து கூடலூர் பஸ் ஏறினோம். நடுவட்டம் தாண்டியதும் மழையும் பனிமூட்டமுமாக ரோடே தெரியவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு, சொல்லப்போவதைப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். "ரூபவதி, நான் அன்னிக்கு உங்களை... இல்ல, முதல்ல நல்லா இருக்கீங்களான்னு கேக்கணும்." திரும்பவும் ஆரம்பத்திலிருந்து தொடங்குவார். ஒவ்வொரு தடவையும் அவர் வாக்கியத்தில் நான் வருகிறேனா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். நான் இல்லை. ஆனால் நேரில் பார்த்ததும் வேறு விதமாகச் சொல்லிவிட்டால்? 'இந்தப் பொண்ணு வந்து சொல்லுச்சு' என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால்? பஸ்ஸைவிட்டு இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

கூடலூரிலிருந்து இன்னொரு பஸ், பிறகு அட்டை கடிக்கக் கடிக்க ஒரு மைல் நடை. புதிதாகக் கட்டிய வரிசை வீடுகள். அவர்கள் அதை இன்னும் லயம் என்றுதான் சொன்னார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரைத் தேடுறீங்க? காகித விசயமா வந்தீங்களா?"

"இல்லீங்க, ரூபவதியைப் பார்க்கணும்" என்றார் அக்கா.

மதியம் கொழுந்தை எடை போட்டுவிட்டு ரூபவதி சாக்குப்படுதாவை இடுப்பில் கட்டியபடியே வந்தார். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னாங்கம்மா? தம்பிக்கு ஏதும் ஆச்சா?"

அவருடைய தம்பி இன்னும் சிலோனில், அட்டனில் இருந்தான். இந்தியா வர அனுமதிக் காகிதம் வருகிறது வருகிறது என்று இரண்டு வருஷமாகக் காத்திருக்கிறான். தன்னைத் தேடி யார் வந்தாலும் அது தம்பியைப் பற்றிய கெட்ட செய்தியாகத்தான் இருக்கும் என்று பயந்துகொண்டே இருந்திருக்கிறார். எங்களுக்கு அது தெரியாது.

"ஐயோ, இல்லீங்க, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல" என்று அக்கா பதறினார். "முன்னாடியே ஒரு கார்டு போட்டுட்டு வந்திருக்கணும். பயமுறுத்திட்டேன். இதுவும் தப்பு." பஸ்ஸில் தயார் செய்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துவிட்டன. "அன்னிக்கு வாயை மட்டும் அசைங்கன்னு சொன்னேனே, அது தப்பு. உங்களுக்குச் சொல்லிக் குடுக்காதது என் தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ரூபவதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதுக்கா குன்னூர்ல இருந்து வந்தீங்க?" என்றார். எங்களை உள்ளே, காம்பரா என்கிற அந்த ஒற்றை அறைக்குள் கூப்பிட்டுப் பலகையில் உட்காரவைத்தார். அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"நீங்க அப்பிடிச் சொன்னது எனக்கு வருத்தமில்லம்மா. எனக்கு உங்க மெட்டு வராதுன்னு எனக்கே தெரியும். நத்தாருக்கு மட்டும்னு சொன்னீங்க." கிறிஸ்துமஸை அவர்கள் நத்தார் என்பார்கள். "நத்தார் முடிஞ்சுது. அடுத்த ஞாயிறு வந்து நின்னேன். இப்ப பாடலாமா, வேணாமான்னு தெரியல. நீங்க சொல்லுவீங்கன்னு வாய மட்டும் அசச்சுக்கிட்டு நின்னேன். அதுக்கு அடுத்த ஞாயிறும் அப்பிடித்தான். ஏழு ஞாயிறு நின்னேன். நான் பாடலங்கிறது யாருக்கும் தெரியல."

ரூபவதி திரும்பி என்னைப் பார்த்தார். "இவங்களுக்குத் தெரியும். பக்கத்துலதான நின்னாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் கொதிக்கிறது என்பதைப் போலச் சொன்னார்.

அது உண்மை. அந்த ஜனவரியில் என் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது. ஏன் கேட்கிறது என்றும் தெரியும். ஓரக்கண்ணால் அவர் உதடு சத்தமில்லாமல் அசைவதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும், இன்றைக்கும் பாடவில்லை, நல்லது என்று நினைத்திருக்கிறேன். நான் புகார் சொன்னது தெரிந்துவிடுமோ என்று வழியெல்லாம் பயந்து வந்தேனே, இதன் முன்னால் அது ஒன்றுமே இல்லை.

"நான்தானே கவனிச்சிருக்கணும்" என்று அக்கா அவசரமாகக் குறுக்கே விழுந்தார். "நடத்தறவ நான். எனக்கல்லவா கேட்டிருக்கணும்."

ரூபவதி எங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தார். பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். இப்போது ஒரு பாட்டுப் பாடுகிறீர்களா என்று அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். "வேணாம்மா, மறுபடி மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகணும்" என்று சொல்லிவிட்டுப் படுதாவை இறுக்கிக் கட்டிக்கொண்டார். நாங்கள் கிளம்பினோம்.

கூடலூர் பஸ் ஸ்டாண்டில் அக்கா என் தோளைத் தொட்டார்.

"அவங்க சொன்னதை மனசுல வச்சுக்காதே கண்ணு. உனக்குச் சுதி நிக்கலைன்னா நான் உன் பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்திருக்கணும். அதை விட்டுட்டு அவங்களை நிறுத்தினேன். உனக்குச் செஞ்சதும் தப்புதான். எல்லாம் என்னுது."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "அக்கா, இது ஒண்ணையாவது என்கிட்ட விடுங்க!" என்று கத்திவிட்டேன். "நான் செஞ்சதுங்க இது. நான் சந்தோஷப்பட்டேன். அதையும் நீங்களே எடுத்துக்கிட்டா நான் யாருங்க?"

பக்கத்தில் நின்ற மலையாளத்துக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கையை எடுத்துக்கொண்டார். பஸ் ஏறினோம். அத்தனை வளைவிலும் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். நடுவட்டம் வந்ததும், "நீ சொன்னது சரி. எல்லாத்தையும் நானே எடுத்துக்கறது..." என்று ஆரம்பித்தார். அது தப்பு என்று சொல்லி முடிக்க வாய் வந்திருக்கும். ஆனால் முடிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அக்டோபரில் மலையிலிருந்த சபைகளெல்லாம் சேர்ந்து நடத்தும் பாட்டுப் போட்டி வந்தது. தொடர்ந்து மூன்று வருஷம் ஷீல்டு எங்களுக்குத்தான் வந்திருந்தது. அந்தத் தடவை தையல்காரர் ஒரு இடத்தில் முந்திக்கொண்டார், டெனர் பாடுகிற ஒருவர் அடுத்த வரிக்குத் தாவிவிட்டார், சிரித்துவிடுவேனோ என்ற பயத்தில் நானே ஒரு வரியை விட்டுவிட்டேன். கடைசியிலிருந்து இரண்டாவதாக வந்தோம்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி எங்களை எல்லாம் இருக்கச் சொன்னது. செயலாளர் கோபப்படவில்லை. சமாதானமாகத்தான் பேசினார், அதுவே எனக்குக் கலக்கமாக இருந்தது.

"உங்க உழைப்பை யாரும் குறை சொல்லலைம்மா. பாட வராதவங்களைத் திரும்பச் சேர்த்ததுதான் பிரச்சினை. தப்பாயிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அவங்களை அனுப்பிச்சிருங்க, இதோட விட்டுர்றோம். உங்களுக்கு அப்படிச் சொல்றதொண்ணும் புதுசில்லையே."

கமிட்டியில் இரண்டு பேர் சிரித்தார்கள். தையல்காரர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். அக்காவின் வலது கை நடுங்கத் தொடங்கியது. அவர் அதை இடது கையால் பிடித்துக்கொண்டார். இப்போது சொல்லிவிடுவார், சொல்லித்தான் இவருக்குப் பழக்கம் என்று நான் நினைத்தேன்.

"இல்லீங்க. இது தப்பில்லீங்க" என்றார் அக்கா.

செயலாளர் மறுபடி கேட்டார். மறுபடி அதையே சொன்னார். வேறு விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை.

நவம்பர் முதல் கொயரை ஆர்கன் வாசிக்கிற பையனிடம் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வந்த நான்கு பேரும் தாங்களாகவே வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் சபையோடு சபையாகப் பின் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் கொயரில் இருந்து விலகவில்லை. விலக வேண்டும் என்று தினமும் நினைத்தேன், தைரியம் வரவில்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் நான் மட்டும் கூடலூர் பஸ் ஏறினேன். இந்தத் தடவை முன்னாடியே ஒரு கார்டு போட்டிருந்தேன். ரூபவதி வாசலில் காத்திருந்தார். தம்பிக்குக் காகிதம் வந்துவிட்டதாம், பொங்கலுக்குள் மண்டபம் வந்துவிடுவானாம். அந்தச் சந்தோஷத்தில் இருந்தவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு சொன்னேன். புகார் சொன்னது நான், நீங்கள் பாடாமல் நின்றது தெரிந்தும் சும்மா இருந்தேன், அது எனக்கு வசதியாக இருந்தது.

"அன்னைக்கு அந்தம்மா கூட வந்தப்பவே சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றார் ரூபவதி.

மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இன்னொரு ரொட்டியை என் தட்டில் வைத்தார்.

"அந்தம்மா எப்பிடி இருக்காங்க? கை இன்னமும் நடுங்குதா?"

நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே அடுப்பில் இருந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டார். பிறகு, "அப்ப ஞாயித்துக்கிழமை அவங்க சும்மாதான இருக்காங்க?" என்றார். "இங்க கோயில் இல்ல. பத்துப் பன்னெண்டு பேர் ஒண்ணாக் கூடி ஜெபம் பண்ணுவோம். பாட்டு எடுத்துக் குடுக்க ஆளில்ல. வரச் சொல்லுங்க."

அக்காவிடம் வந்து சொன்னேன். "என்னையா? அவங்களா சொன்னாங்க? நிஜமாவா?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். போகிற அன்றைக்குக் காலை பஸ் ஸ்டாண்டில்கூட, "போய் நான் மறுபடி ஏதாவது பண்ணிட்டா?" என்றார். அதன்பிறகு எக்ஸ்சேஞ்சிலிருந்து மாற்றலாகித் திருச்சி போகும்வரை ஒன்றரை வருஷம், மாதம் ஒரு ஞாயிறு அந்த வளைவுகளில் ஏறி இறங்கினார். நான் நான்கைந்து முறை கூடப் போயிருக்கிறேன்.

முதல் முறை போனபோது ஒரு காம்பராவில் பதினோரு பேர் பாய் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே ரூபவதியின் தம்பியும் வந்திருந்தான். ஆர்கன் கிடையாது, புத்தகம் இரண்டே இரண்டு. அக்கா எல்லாரையும் எழுந்து வட்டமாக நிற்கச் சொன்னார். வழக்கமாக அவர்தான் சுதி எடுத்துக் கொடுப்பார். அன்றைக்குக் கொடுக்கவில்லை. "ரூபவதி, நீங்க ஆரம்பிங்க. உங்க மெட்டுலயே" என்றார்.

ரூபவதி தலையைக் குனிந்துகொண்டார். தகரக் கூரைமேல் மழை. ஆரம்பிக்கமாட்டார், அக்கா இந்த மனுஷியை மறுபடி எல்லார் முன்னாலும் நிற்கவைத்துவிட்டார் என்று எனக்குப் பயம். அக்காவுக்கும் அதே பயம் இருந்திருக்க வேண்டும், முகம் வேர்த்திருந்தது. ஆனாலும் அவர் குறுக்கே ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார்.

ரூபவதி பாட ஆரம்பித்தார். எனக்குப் பழக்கமானதைவிட வெகுவாகத் தாழ்ந்த சுதி. நான் வழக்கம்போல் மேலே பிடித்துக்கொண்டு தடுமாறினேன். அக்கா என்னைப் பார்த்து, உள்ளங்கையைக் கவிழ்த்து, இறங்கி வா, இன்னும் இறங்கி வா என்று கையைக் காட்டினார்.